பால் மறந்த குட்டிகளோடு உட்கார்ந்தவளுக்கு

காலையில் வெந்நீரை இறக்கித் தவிட்டின் மேல் ஊற்றினேன். வறுத்த மக்காச்சோள மாவும் கடலைப் புண்ணாக்கும் நனைந்து அந்த வாசனை எழுந்தது. "கை பொறுக்குற சூடான்னு பாரு" என்று பின்னாலிருந்து குரல் வரும் என்று நின்றுவிட்டேன். வரவில்லை. நானே விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் வீட்டில் இப்போது வடக்கிலிருந்து கொழுந்தெடுக்க வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் பேச்சு எனக்குப் புரியாது. ஆனால் யாருக்குச் சளி பிடித்திருக்கிறது, எந்தக் குழந்தை சாப்பிட மறுக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடுகிறது. உன் அடுப்படிக்கும் என் அடுப்படிக்கும் நடுவில் இருக்கும் சுவர் அப்படிப்பட்டது. அதற்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீயுமாக எத்தனை வருடம் சமைத்தோம்.

சத்தியமங்கலத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்த மறுநாள், குடத்தோடு வெளியே வந்து உன்னிடம்தான் முதலில் பேசினேன். "ஏனுங்க, தண்ணி எங்கீங்க புடிக்கிறது?" நீ சிரித்துவிட்டாய். உனக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும். "இந்த லயத்துல யாரு யாருக்கும் ஏனுங்க கெடையாது, வா" என்று குடத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாய். நாங்கள் லைன் வீடு என்பதை நீ சிலோனிலிருந்து கொண்டுவந்த வார்த்தையில் கடைசிவரை லயம் என்றுதான் சொன்னாய். என்னைக் கடைசிவரை கோயமுத்தூரு என்றாய். என் ஊர் கோயமுத்தூர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். "மலைக்குக் கீழ எல்லாம் கோயமுத்தூருதான்" என்பாய்.

தேயிலைக்கு விலை விழுந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது இடுப்புக்கு மேல் வளர்ந்து நின்ற செடிகள்தான். எடுக்க ஆள் இருந்தோம். எடுத்த கொழுந்தை வாங்கத்தான் ஆள் இல்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பேரட்டில் போய் நின்றால் பாதிப் பேருக்குத்தான் வேலை, மற்றவர்கள் கூடையோடு திரும்பிப் போக வேண்டும். ஃபேக்டரி ஓடாத நாட்களில் பள்ளத்திலிருந்து அந்த வாடின இலை மணம் வராது. மணம் வராத காலையில் யாரும் யாரோடும் அதிகம் பேசாமல் இருந்தோம். ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்தது. பாய், பாத்திரம், கோழிக்கூடு எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் போனார்கள். உன் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒரே பஸ்ஸில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். இடம் கிடைத்ததும் குடும்பத்தைக் கூட்டிக்கொள்வதாகப் பேச்சு. எனக்கு ஒரு மகள், உனக்கு இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடம் முடியட்டும் என்று இருந்தோம்.

எஸ்டேட் எல்லைக்கு அப்பால் இருந்த மலையாளத்துச் சேச்சியின் இஞ்சித் தோட்டத்துக்கு, வேலையில்லாத நாட்களில் நாம் கூலிக்குப் போனோம். சேச்சி வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த சமயம். அவர்கள் வளர்த்த சினைப்பன்றி பட்டினியாக உறுமிக்கொண்டு கிடந்தது. "எனக்கு இனி வய்யா, மோளே. நீங்க ரெண்டு பேரும் கொண்டுபோய் நோக்கிக்கோ. பிரசவிச்சா குட்டி பாதிக்குப் பாதி" என்றார்.

நான் தயங்கினேன். "பன்னி வளர்க்கறேன்னு எங்க ஊட்ல தெரிஞ்சா, என் கையில தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்க."

"உங்க வீட்டு ஆளுக இங்க வந்து தண்ணி குடிச்சு எத்தன வருசம் ஆச்சு?" என்று கேட்டாய். அன்று சாயங்காலமே கயிறு கட்டி, நீ முன்னால் இழுக்க நான் பின்னால் தள்ள, அதைக் கொண்டுவந்து சேர்த்தோம். வழியில் அது இரண்டு இடத்தில் படுத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் நாமும் உட்கார்ந்து சிரித்தோம்.

அந்த முதல் ஈத்தைப் பற்றி நாம் பிற்பாடு பேசியதே இல்லை. இப்போது எழுதுகிறேன். எழுதினால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

குட்டிகள் நன்றாகத்தான் பிறந்தன. ரோஜா நிறத்தில், காது வழியாக வெளிச்சம் தெரியும்படி. மடியை முட்டி முட்டிக் குடித்து வளர்ந்தன. பால் மறக்கடிக்கும் பருவம் வந்ததும், எல்லோரும் செய்வதைத்தான் நாமும் செய்தோம். புதிதாக அடைத்த கொட்டிலுக்குக் குட்டிகளைச் சாக்கில் தூக்கிப்போய் விட்டோம். தாய் பழைய கொட்டிலிலேயே நின்றது. குட்டிகள் கத்த ஆரம்பித்தன. மரம் அறுக்கும் வாள் போல, விடாமல்.

உன்னால் அதைத் தாங்க முடியவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஒருமுறை கொழுந்தெடுக்கும்போது, என்னைப் பார்க்காமல் செடியைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். கப்பலில் வந்திறங்கி முகாமில் இருந்தபோது உன் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததை. இடுப்பில் கைக்குழந்தையாக இருந்த தம்பி ராவும் பகலும் அழுததை. அப்பா எங்கோ வேலை தேடிப் போயிருக்க, நீ கூடாரம் கூடாரமாகப் போய் அவனுக்குக் கஞ்சித் தண்ணி வாங்கி வந்ததை. "எவ்வளவு ஊத்துனாலும் அழுகைய நிறுத்தல. எனக்கு அவன் வயித்த நெறைக்கத் தெரியல, கோயமுத்தூரு" என்றாய். அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாய்.

அதனால் குட்டிகள் கத்தக் கத்த நீ ஊற்றினாய். சோற்றுக் கஞ்சி ஊற்றினாய். கடைவீதி ஹோட்டலில் மிச்சம் விழுந்ததைக் கேட்டு வாங்கி வந்து கொட்டினாய். பலாச்சுளை போட்டாய். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, தொட்டிக்குள் காலை வைத்து, வயிறு உருண்டு தொங்கும்வரை தின்றன. தின்றுவிட்டு மறுபடியும் கத்தின. நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். தின்கிறதே என்று எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. நமக்கு என்ன தெரியும்?

இரண்டொரு நாளில் கழிச்சல் கண்டது. வால் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்து நடுங்கின. மழையும் விட்டபாடில்லை. அடுத்தடுத்துப் போய்க்கொண்டே இருந்தன. பாதிக்கு மேல் போய்விட்டன. மண்வெட்டியை என் கையில் தராமல் நீயே குழி தோண்டினாய். பிழைத்துக் கிடந்ததைச் சேச்சியிடம் கொண்டுபோய் விட்டோம். நம் பங்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

அன்று வந்து கதவைச் சாத்திக்கொண்டவள்தான். நான் தட்டியபோது உள்ளிருந்து, "பசிக்குதேன்னு போட்டேன். போட்டே கொன்னுட்டேன்" என்று மட்டும் சொன்னாய். உன் பிள்ளைகள் என் வீட்டில்தான் சாப்பிட்டார்கள். திருப்பூருக்கே போய்விடப் போவதாகப் பெரியவள் சொன்னாள்.

நான் பஸ் ஏறிக் கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். நான் சொல்வதை முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. "எல்லாரும் பண்றதுதாங்கம்மா. பால் மறக்கறதே அதுகளுக்குப் பெரிய மாத்தம். அதே நாள்ல எடத்தையும் மாத்தி, தீனியையும் மாத்தி, வயிறு முட்டக் குடுத்தா அந்தக் குடல் என்ன பண்ணும்?" என்றாள். பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ்ஸில் வரும்போது மறந்துவிடக் கூடாதென்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் நான் சாமி மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினேன். அந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்று தெரியும், விறகு முறிக்கும் சத்தம் கேட்டது. "இங்க பாரு புள்ள, டாக்டரம்மா சொன்னத சொல்றேன். கேட்டா கேளு, கேக்காட்டிப் போ. தாய்கிட்ட இருக்கறப்பவே, அதுங்க மோந்து பார்க்க ஆரம்பிச்சதும், கொஞ்சங் கொஞ்சமாத் தீனி பழக்கோணுமாம். அதே தீனியத்தான் பால் மறந்த பொறகும் குடுக்கோணும். வேற தீனின்னா பழசோட கலந்து கலந்து மெதுவா மாத்தோணும். மொத நாளுக அரை வயித்துக்குத்தான். ஆனா அடிக்கடி. மிச்சம் விழுந்தா அள்ளி வெளிய போட்டறோணும், புளிச்சதத் திங்க விடக்கூடாது. நல்ல தண்ணி எப்பவும் கெடக்கோணும். எல்லாம் ஒண்ணா நின்னு திங்கற மாதிரி தொட்டி நீளமா இருக்கோணும். படுக்கற எடம் காஞ்சு கெடக்கோணும். ஓட்டல் மிச்சம் இப்பக் கூடவே கூடாது. அப்புறம், குட்டிகள எடம் மாத்தக்கூடாதாம். தாயத்தான் வெளிய கொண்டுபோகோணுமாம்."

சோறு வெந்துவிட்டது, வடித்தும் விட்டேன். அப்போது சுவருக்குப் பின்னால் உன் குரல் கேட்டது. "தாயவா எடுக்கணும்? குட்டிங்கள இல்லையா?"

"தாயத்தான். குட்டிக்கு அதோட எடமாச்சும் மிஞ்சோணுமில்ல."

விறகு முறிக்கும் சத்தம் மறுபடி கேட்டது. பிறகு, "அந்தத் தொட்டி பத்தாது. பலகை பாக்கணும்" என்றாய்.

சேச்சி நம்மிடமிருந்து பன்றியைத் திரும்பக் கேட்கவில்லை. அது அடுத்த ஈத்துக்குச் சினையானது. இந்த முறை கொட்டிலின் மூலையில் பலகை அடித்து, குட்டி மட்டும் நுழையும்படி சந்து விட்டாய். ஓடித் திரிய ஆரம்பித்த குட்டிகள் அந்தச் சந்துக்குள் போய், நாம் தூவிய வறுத்த சோளமாவையும் தவிட்டையும் முதலில் மூக்கால் கிளறி விளையாடின. பிறகு நக்கின. பிறகு மென்று தின்னவே ஆரம்பித்தன. தாய் மூக்கை மட்டும் நுழைத்துப் பார்த்து உறுமும். நீ அதன் நெற்றியில் தட்டி, "உனக்கில்ல போ" என்பாய்.

அந்தச் சமயத்தில்தான் உன் வீட்டுக்காரர் வந்தார். திருப்பூரில் ஒரு ரூம் பார்த்திருந்தார், உனக்கும் பீஸ் அடுக்கும் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். கையோடு கூட்டிப் போக வந்திருந்தார். நல்ல மனிதர், குரல் உயர்த்தத் தெரியாதவர். அன்று உயர்த்தினார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"இந்த ஈத்து பால் மறக்கட்டும். அப்புறம் வாரேன்" என்றாய்.

"பன்னிக்கா? நான் அங்க ஒண்டியா சோறாக்கித் தின்னுக்கிட்டு கெடக்கேன். நீ பன்னிக்குப் பால் மறக்கணும்கிற."

"போன தடவ செத்துப்போச்சு."

"அதுக்கு?"

"இந்தத் தடவயும் செத்தா, நான் எங்க வந்தாலும் எனக்கு அந்தச் சத்தம் கேக்கும்."

அவர் காலையில் என் வாசலில் நின்று, "தங்கச்சி, அவளப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார். நீ கொட்டிலுக்குப் போய்விட்டிருந்தாய்.

பால் மறக்கடித்த அன்று வெயில் நன்றாக இருந்தது. தாயை மட்டும் ஓட்டிக்கொண்டு போய், மேட்டுக்கு அந்தப் பக்கம், சத்தம் எட்டாத இடத்தில் சேச்சி வீட்டுப் பழைய கொட்டிலில் அடைத்தோம். திரும்பி வரும்போது பாதி வழியிலேயே குட்டிகளின் கத்தல் கேட்டது. நீ நடையை நிறுத்திவிட்டாய். திரும்பிப் போய்த் தாயை அவிழ்த்துவிடப் போகிறாயோ என்றுதான் நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி நடந்தாய்.

தீனி வைத்த உடன் போய்விட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அழுகை கேட்காமல் இருந்தால் அள்ளிப் போடத் தோன்றாதல்லவா. நீ அப்படிச் செய்யவில்லை. கொட்டிலுக்குள்ளேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். மடியில் தீனிச் சட்டி. தொட்டியின் நீளத்துக்கு ஒரு கை தூவுவாய். எல்லாம் வந்து நின்று தின்னும். தின்று முடித்ததும் தொட்டியைத் துடைப்பாய். கத்தும். சட்டியைப் பார்ப்பாய். உன் கை சட்டிக்குள் போய், நின்று, வெறுமனே வெளியே வரும். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் நான் பார்த்துக்கொண்டேன், நீ அங்கே இருந்தாய்.

மறுநாள் காலையில் உனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தேன். அதே பலகையில் இருந்தாய். உன் காலைச் சுற்றிக் குட்டிகள் ஒட்டிப் படுத்திருந்தன. இரண்டு மட்டும் நின்று கத்திக்கொண்டிருந்தன. நீ என்னை உட்காரச் சொன்னாய்.

"ஏய் கோயமுத்தூரு, கேளு. இது பசி இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பசிச்சா தொட்டியப் பாத்துக் கத்துது. இதுக ரெண்டும் பாரு, கதவப் பாத்துக் கத்துது."

பார்த்தேன். அப்படித்தான் நின்றன. தாய் போன கதவின் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு. நீ அந்த இரண்டில் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்து, முதுகைத் தேய்த்துக் கொடுத்தாய். கொஞ்ச நேரம் திமிறியது. பிறகு உன் முழங்கை மடிப்பில் மூக்கைச் செருகிக்கொண்டு அடங்கிவிட்டது. தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"என் தம்பியும் கூடார வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்" என்றாய். "நான் கஞ்சிக்கு ஓடிக்கிட்டே இருந்தேன். நான் ஓடுனதுதான் அவனுக்கு இன்னும் பயமா இருந்திருக்கும். பக்கத்துல உக்காந்திருக்கலாம்."

"நீ சின்னப்புள்ள. உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

"ஆமா" என்றாய். "எனக்கும் அம்மா செத்துப் போயிருந்துச்சு இல்ல."

நீ அழவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்துவிட்டு, வேலையைப் பார்க்க ஆரம்பித்தாய். உன் தம்பி அப்போது குந்தாவில் கல்யாணம் முடித்துப் பிள்ளைகளோடு இருந்தார். அந்த வாரமே கடைக்குப் போய் அவருக்குப் போன் போட்டாய். என்ன பேசினாய் என்று கேட்டதற்கு, "அவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையாம். நல்லாத்தான் இருக்கான்" என்றாய். உன் முகம் அன்று வேறு மாதிரி இருந்தது. ரொம்ப நாளாகத் தூக்கி வந்த கூடையைத் தராசில் இறக்கிவிட்டு நிமிர்கிறவள் முகம் போல.

அந்தக் குட்டிகளில் ஒன்றும் சாகவில்லை. கடைக்குட்டிக்கு நடுவில் கழிச்சல் கண்டது. அதைத் தனியாக எடுத்து, தீனியைக் குறைத்து, டாக்டரம்மா கொடுத்த மருந்தையும் உப்புச் சர்க்கரைத் தண்ணியையும் ஊட்டினோம். நான் பயந்தேன், நீ பயப்படவில்லை. போகப் போகத் தீனியைக் கூட்டினோம். புண்ணாக்கைக் கூட்டினோம், கருவாட்டுத் தூள் சேர்த்தோம். குட்டிகள் கத்துவதை மறந்து, நம்மைக் கண்டால் உறுமிக்கொண்டு ஓடிவர ஆரம்பித்தன. வயநாட்டிலிருந்து ஜீப்பில் வந்தவர் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "நல்ல குட்டிகளாணு, அடுத்த தடவயும் எனக்கே சொல்லணும்" என்றார். சேச்சிக்குப் பாதி கொடுத்தோம். நம் பாதியில் இரண்டை வளர்க்க நிறுத்தினோம்.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போனாய். போய், அந்த ரூமையும் பார்த்து, கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாய். "அங்க சத்தத்துல ஒண்ணுமே காதுல விழல" என்றாய். என் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு வருடம் அங்கே இருந்துவிட்டுத்தான் வந்தார். தேயிலை விலை எழுந்தது, மறுபடி விழுந்தது, மறுபடி எழுந்தது. நம் கொட்டிலில் குட்டிகள் இல்லாத வருடம் இருந்ததில்லை. குட்டி வாங்கிப்போகிறவர்கள் தீனி என்ன போடுவது, எவ்வளவு போடுவது என்று கேட்பார்கள். நான் எல்லாம் விளக்குவேன். நீ கடைசியில், "போட்டுட்டு உடனே போயிராதீங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க" என்பாய். சிலர் சிரிப்பார்கள்.

நெஞ்சுச் சளி முற்றி உன்னைக் கூடலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் தம்பியும் வந்திருந்தார். நீ கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று, மழை எப்படி, தண்ணி வருகிறதா என்றுதான் கேட்டாய். நானும் அதைத்தான் சொன்னேன்.

என் மகள் இப்போது கோவையில் இருக்கிறாள். கல்யாணம், வேலை, கைக்குழந்தை என்று அவள் பாடு அவளுக்கு. சில நாள் போனில் அழுவாள். முன்பெல்லாம் அவள் குரல் உடைந்ததுமே, நான் வந்துவிடுகிறேன், மாப்பிள்ளையிடம் பேசுகிறேன், ஊறுகாய் கொடுத்துவிடுகிறேன் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போவேன். இப்போது அப்படிச் செய்வதில்லை. எது வேண்டி அழுகிறாள் என்று முதலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் உண்மையாகவே உதவி வேண்டியிருக்கும், பஸ் ஏறிப் போகிறேன். பெரும்பாலான நாள் அவளுக்கு என்னிடமிருந்து ஒன்றும் வேண்டியிருப்பதில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, ம், ம் என்று இருக்கிறேன். "சரிம்மா, வெக்கட்டுமா?" என்று அவளாகக் கேட்கிறவரைக்கும்.